எலின்னு எழுதாதீங்க!

போன் அலறியது!

துறைமுகக் காவல் நிலையத்துக்குக் காலை ஏழு மணிக்கு வருகிற போன்கள் பெரும்பாலும் இரண்டே ரகம். ஒன்று, வலையைக் காணோம். இரண்டு, வலையைத் திருடினவனைப் பிடித்து உதைத்துவிட்டோம், வந்து அள்ளிக்கொண்டு போங்கள்.

கான்ஸ்டபிள் கொட்டாவியை முழுசாக விட்டு முடித்துவிட்டுத்தான் ரிசீவரை எடுத்தான். ஸ்டேஷனில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். ஆன் செய்தால் நிற்காது... ஆஃப் செய்ய ஸ்விட்ச்சும் கிடையாது!

"ஹலோ, போலீஸ் ஸ்டேஷன்."

"நான் தீவுலேருந்து பேசறேன்." பெண் குரல். துளி நடுக்கம் இல்லை. "என் தம்பியைக் கொன்னுட்டேன். வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

ரேடியோவின் அடுத்த கொட்டாவி பாதியிலேயே நின்றது.

"எ... என்னம்மா சொல்றீங்க?"

"காதுல விழலையா? தம்பியைக் கொன்னுட்டேன். படகை அனுப்பியிருக்கேன். அப்புறம் இன்னொரு விஷயம்..."

"சொல்லுங்க..."

"வர்றவங்க ஷூவை நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. பேன்ட் மடிப்பையும் உதறணும். தீவுக்குள்ள வேண்டாததை எல்லாம் கொண்டு வந்துடக்கூடாது."

டொக்!

ரேடியோ ரிசீவரையே பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டரின் அறைக்கு ஓடினான்.

"மேடம்! கொலை மேடம்!"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினாள். நாற்பத்தைந்து வயது. அதிகம் பேச மாட்டாள். ரேடியோவோடு வேலை பார்க்கிறவளுக்கு அதற்கு வாய்ப்பும் இல்லை.

"யாரு, எங்கன்னு சொல்லு."

"தீவம்மா. தம்பியைக் கொன்னுட்டாங்களாம். அதைவிட ஆச்சரியம்... என்னை ஷூவைக் கழுவச் சொல்றாங்க மேடம்!"

* * *

படகுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். சுக்கானைப் பிடித்திருந்தவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீங்கதான் முதல்ல பார்த்தீங்களா?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"ஆமாங்க. தம்பி நேத்து மத்தியானம்தான் அக்காவைப் பார்க்க வந்துச்சு. காலையில ஆறரைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லியிருந்துச்சு. போய்ப் பார்த்தா... படியில கிடக்குது. அந்த அம்மா பக்கத்துல உட்கார்ந்திருக்கு. 'நான் தள்ளிட்டேன் அண்ணே, போய் போலீஸைக் கூட்டிட்டு வாங்க'ன்னு சொல்லுது."

"ஏன் தள்ளினாங்கன்னு சொன்னாங்களா?"

"இல்லீங்க." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரேடியோவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏண்ணே, அந்தத் தீவுல அப்படி என்னதான் இருக்கு? புதையலா?"

"பறவை இருக்கு." படகுக்காரர் கடலைப் பார்த்தபடியே பேசினார். "நூறு வருஷத்துக்கு முன்னாடி காலரா, அம்மைன்னு வர்ற கப்பல் ஆளுங்களை அங்கதான் இறக்கி நாப்பது நாள் அடைச்சு வைப்பாங்க. ஆளுங்க பொழைச்சோ செத்தோ போயிட்டாங்க. கப்பலோட வந்த எலி மட்டும் தங்கிடுச்சு. ஆலான்னு ஒரு வெள்ளைக் கடல் பறவை. அது கூடு கட்டாது, வெறும் மணல்லதான் முட்டை வைக்கும். எலிக்குக் கேக்கவா வேணும்? மொத்தமும் தின்னு தீர்த்துச்சு. அம்பது வருஷம் அந்தத் தீவுல ஒரு பறவை இறங்கலை."

"அப்புறம்?"

"இவங்க அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வாங்கினாங்க. அப்பா போனதும் இந்த அம்மா இருபத்தி நாலு வயசுல இங்க வந்து உட்கார்ந்துச்சு. கல்யாணம் வேணாம்னுடுச்சு. இருபத்தஞ்சு அடிக்கு ஒரு பொறி... தீவு முழுக்க! பதினோரு வருஷம் ஆச்சு கடைசி எலியைப் பிடிக்க. அடுத்த வருஷம் ரெண்டே ரெண்டு ஆலா வந்து இறங்குச்சு. அன்னிக்கு அந்த அம்மா அழுத அழுகை இருக்கே... நான் பக்கத்துல இருந்தேன். இப்போ நாலாயிரம் கூடு."

"எல்லாம் சரி, ஷூவை எதுக்குக் கழுவணும்?"

"அரசாங்கம் 'எலி இல்லாத தீவு'ன்னு சான்றிதழ் குடுத்திருக்கு. அது இருக்கிற வரைக்கும் அங்க யாரும் எதையும் விக்க முடியாது, ஒரு செங்கல் வைக்க முடியாது. ஒரே ஒரு எலி இருந்ததா எங்கயாவது பதிவாச்சுன்னா போதும்... சான்றிதழ் ரத்து! சித்தப்பா பசங்க நாலு பேரு அதுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க. ஹோட்டல் கட்டறவனோட கையைக் குலுக்கி வருஷம் பத்தாச்சு."

"தம்பி எந்தப் பக்கம்?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

படகுக்காரர் என்ஜின் சத்தத்தைக் கூட்டினார்.

* * *

படகுத்துறையில் பதினான்கு கல் படிகள். கீழ்ப்படியில் வெள்ளைப் படுக்கை விரிப்பு மூடிய உடல் ஒன்று.

பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, வெயிலில் கறுத்த முகம், ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. வலது கை ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு.

தீவம்மா!

"முதல்ல இந்த ரூமுக்கு வாங்க" என்றாள், படிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வெள்ளை அறையைக் காட்டி.

"அம்மா, நாங்க உங்களை அரெஸ்ட் பண்ண வந்திருக்கோம்" என்றான் ரேடியோ.

"பண்ணுங்க. அதுக்கு முன்னாடி பையைத் திறந்து காட்டுங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணால் சைகை காட்டினாள். ரேடியோ முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனான்.

பொந்தோ இடுக்கோ இல்லாத அறை. ஒரு மேஜை, ஒரு பிரஷ், ஒரு தொட்டித் தண்ணீர், ஒரு தடித்த நோட்டு. தீவம்மா கதவை இறுகச் சாத்தினாள்.

"கதவைச் சாத்தினதுக்கு அப்புறம்தான் எதையும் திறக்கணும். உள்ளேருந்து ஏதாவது குதிச்சாலும் இந்த ரூமைத் தாண்டாது. பாக்கெட்டை வெளிய இழுத்துக் காட்டுங்க."

ரேடியோவின் பாக்கெட்டிலிருந்து ஒரு சீப்பு, ஏழு மிட்டாய்க் காகிதம், பாதி கடித்த பிஸ்கட் ஒன்று வெளியே வந்தன. கொலை செய்தவள் போலீஸ்காரனைச் சோதனை போடுகிறாள்! அவன் சர்வீஸில் இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை.

தீவம்மா நோட்டில் தேதி போட்டு எழுதினாள். இன்ஸ்பெக்டர், கைப்பை ஒன்று. கான்ஸ்டபிள், பிஸ்கட் அரை.

"வர்ற ஒவ்வொரு பொருளையும் எழுதுவீங்களா?"

"இருபத்தெட்டு வருஷமா. தம்பி வந்தாலும் சோதனைதான். நேத்துக்கூட அவன் பையைத் திறந்து பார்த்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"ரெண்டு சட்டை. ஒரு பாட்டில் பீநட் பட்டர்." அவள் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. "நாப்பத்தோரு வயசு ஆகுது... இன்னும் அது இல்லாம ரொட்டி இறங்காது அவனுக்கு. நேத்துக்கூடக் கிண்டல் பண்ணினேன்."

* * *

இன்ஸ்பெக்டர் விரிப்பை விலக்கினாள். பின்மண்டையில் அடி. கண்கள் மூடியிருந்தன. யாரோ மூடிவிட்டிருக்கிறார்கள்.

"என்ன நடந்துச்சு?"

"தீவை விக்கணும்னான். சித்தப்பா பசங்களோட சேர்ந்துட்டான். சண்டை வந்துச்சு. கோபத்துல தள்ளிட்டேன். படியில பாசி, வழுக்கிடுச்சு. அவ்வளவுதான். எங்க கையெழுத்துப் போடணும்?"

கடகடவென்று ஒப்பித்தாள். இன்ஸ்பெக்டருக்கு அந்த வேகமே பிடிக்கவில்லை. கொலை செய்தவர்கள் இத்தனை சுத்தமாகக் காரணம் சொல்வது அவள் சர்வீஸில் அபூர்வம்.

அவள் குனிந்து இறந்தவனின் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையின் குறுக்கே கம்பி அழுந்திய கோடு. நகக்கண்ணில் பழுப்பாக ஏதோ பசை. முகர்ந்தாள்.

பீநட் பட்டர்!

"விடிகாலையில ரொட்டி சாப்பிட்டாரா?"

"இல்ல. நான் எழுந்தப்பவே அவன் வெளிய போயிட்டான்."

"சரி... உங்க விரல்ல என்ன காயம்?"

"ஆலா கொத்திடுச்சு."

"கட்டை அவிழுங்க."

"எதுக்கு?"

"அவிழுங்கம்மா."

தயங்கித் தயங்கி அவிழ்த்தாள். விரலின் மேல்பக்கம் இரண்டு குட்டிப் பள்ளம். கீழ்ப்பக்கம் இரண்டு. ரத்தம் உறைந்திருந்தது.

"பறவைக்குப் பல் கிடையாது" என்றாள் இன்ஸ்பெக்டர்.

தீவம்மாவின் முகம் வெளிறிப் போனது. கொலையைச் சொன்னபோதுகூட அந்த முகம் இப்படி ஆகவில்லை!

"மேடம்!" ரேடியோவின் குரல் படகுத்துறையின் ஓரத்திலிருந்து வந்தது. "தண்ணி வடியுது மேடம்... பாறை இடுக்குல ஏதோ மின்னுது!"

பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். எடுத்துக்கொண்டு வந்தான்.

கம்பிக் கூண்டு. மேலே கைப்பிடி. உள்ளே கம்பியில் ஒட்டிக்கொண்டு நாலைந்து சாம்பல் நிற முடி.

ரேடியோ அதை உற்றுப் பார்த்தான். "மேடம், இது எலிக்..."

"சொல்லாதீங்க!!"

தீவம்மாவின் கத்தலில் பறவைகள் கூட்டமாக எழும்பின. வானம் வெள்ளையாகி, மறுபடி நீலமானது.

அவள் இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கொலைன்னு எழுதுங்க. தூக்குல போடுங்க. நான் வேணாம்னு சொல்லலை. ஆனா எலின்னு எழுதாதீங்க! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்... அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதிடாதீங்க!"

* * *

படிக்கட்டிலேயே உட்கார்ந்துதான் சொன்னாள். கண்ணில் நீர் இல்லை. குரலிலும் உயிர் இல்லை.

"விடிஞ்சும் விடியாம அவனைத் தேடிட்டு வந்தேன். படியில நின்னுட்டிருந்தான். கையில இந்தக் கூண்டு. அதுக்குள்ள... எலி! உயிரோட! என் தீவுல! பதினேழு வருஷமா எலின்னு ஒண்ணு இந்த மண்ணை மிதிச்சதில்லை."

"அப்புறம்?"

"'இது எப்படிடா இங்க வந்துச்சு?'ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தான். அப்புறம்... 'நான்தான்க்கா கொண்டு வந்தேன்'னான்."

"அவரே ஒத்துக்கிட்டாரா?"

"அவன் வாயாலேயே சொன்னான்! சித்தப்பா பசங்களுக்காக... எலியை விட்டு சான்றிதழைக் காலி பண்ண வந்திருக்கான்னு ஒரு நொடியில புரிஞ்சு போச்சு. அம்மா வேலைக்குப் போக, இடுப்புல தூக்கி வளர்த்தது நான். எனக்கு ஒண்ணுன்னா அவன் துடிப்பான். அவனா? அவனா இதைச் செஞ்சான்? எனக்குக் கண்ணு மண்ணு தெரியலை. ரெண்டு கையாலேயும் தள்ளினேன்..."

அலை வந்து கீழ்ப்படியை நனைத்துவிட்டுப் போனது.

"எலி என்னாச்சு?"

"கூண்டு உருண்டு கதவு திறந்துக்கிச்சு. அது ஓடப் பார்த்துச்சு. கையால அமுக்கினேன். கடிச்சுது. விடலை. கல்லால அடிச்சுக் கொன்னு, அடுப்புல போட்டு எரிச்சேன். கூண்டைக் கடல்ல வீசினேன். அதெல்லாம் முடிச்சுட்டுத்தான்..." அவள் நிறுத்தினாள். "அதெல்லாம் முடிச்சுட்டுத்தான் தம்பி மூச்சு விடறானான்னு வந்து பார்த்தேன்."

ரேடியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவன் வாயடைத்து நின்றதை அன்றுதான் இன்ஸ்பெக்டர் பார்த்தாள்.

"அவர் பையை நேத்து நீங்கதானே சோதிச்சீங்க?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

"கூண்டு இருந்துச்சா?"

"இல்ல."

"எலி?"

"இருந்தா விட்டிருப்பேனா?"

"அப்போ அவர் எப்படிக் கொண்டு வந்திருக்க முடியும்?"

"தெரியலை. ஏதோ திருட்டுத்தனமா..."

"நீங்க பார்த்தப்போ அவர் எந்தப் பக்கம் பார்த்து நின்னார்? படி ஏறிட்டிருந்தாரா? இறங்கிட்டிருந்தாரா?"

தீவம்மா படிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. ஏறிட்டிருந்தாரா... இறங்கிட்டிருந்தாரா?"

"முதுகு... எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. நான் மேல இருந்தேன். அவன் கடலைப் பார்த்து..." அவள் உதடுகள் காய்ந்து போயின. "இறங்கிட்டிருந்தான்."

"எலியைக் கொண்டு வர்றவன் எதுக்குப் படகை நோக்கி இறங்கணும்?"

பதில் வருவதற்குள்...

டிரிங்... டிரிங்...

இறந்தவனின் சட்டைப் பையிலிருந்து சத்தம்! கண்ணாடி உடைந்த செல்போன். திரையில் 'வீடு' என்று மின்னியது. இன்ஸ்பெக்டர் எடுத்தாள். விரல் பட்ட இடத்தில் ஸ்பீக்கர் ஆன் ஆனது.

ஹலோ சொல்லக்கூட இடம் கொடுக்காமல் ஒரு பெண் குரல் உற்சாகமாகப் பொரிந்தது.

"என்னங்க, மாட்டிச்சா? அந்தக் கடைசிக் கழுதை மாட்டிச்சா இல்லையா? மூணு மாசமா நம்ம ரெண்டு பேர் தூக்கத்தையும் கெடுத்துடுச்சு! அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதே? தெரிஞ்சுடப் போகுது, பத்திரம். ஹலோ? என்னங்க... ஹலோ?"

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த வேலையில் அவள் வெறுக்கிற ஒரு பகுதி உண்டென்றால் அது இதுதான்.

எழுந்து பத்தடி தள்ளிப் போய்ப் பேசினாள். அங்கிருந்து வார்த்தைகள் கேட்கவில்லை. போனுக்குள்ளிருந்து வந்த அலறல் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

* * *

தீவம்மா எழுந்து நின்றாள்.

"அவன் பிடிச்சுட்டுப் போக வந்தான்... கொண்டு வரலை. பிடிச்சு வெளிய எடுத்துட்டுப் போனான்." தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அப்போ எதுக்கு 'நான்தான்'னு சொன்னான்? எலி எப்படி வந்துச்சு? அண்ணே..."

படகுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கண்ணே!"

"என் படகுலதான்மா வந்துச்சு" என்றார் அவர். "நான்தான் கவனிக்கலை. சாக்குக்குள்ள இருந்திருக்கு. நான்தான்மா."

அவள் அவரையே பார்த்தாள். ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தாள்.

"உங்க சாக்கையெல்லாம் நான் திறந்து உதறாம உள்ள விட்டதே இல்லை. எதுக்குப் பொய் சொல்றீங்க? அவனும் சொன்னான். இப்போ நீங்களும் சொல்றீங்க. யாரைக் காப்பாத்தறீங்க எல்லாரும்?"

அவர் மேல்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தீவம்மா விறுவிறுவென்று வெள்ளை அறைக்குப் போனாள். தடித்த நோட்டைப் புரட்டினாள். மூன்று மாதம் பின்னால்... இன்னும் பின்னால்... ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்டையும் அவள் கையெழுத்தில். அரிசி, மண்ணெண்ணெய், சோப்பு, ஆணி.

ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

தேதி மட்டும் இருந்தது. கீழே எதுவும் எழுதவில்லை.

"இந்த நாள்..." அவள் குரல் கேட்கவே இல்லை. "இது அம்மா வந்த நாள்."

பின்னாலேயே வந்திருந்த இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. "யார் வந்த நாள்?"

"அம்மா செத்துப் போயிட்டாங்க. இங்கதான் புதைக்கணும்னு ஆசைப்பட்டாங்க. படகுல பெட்டி வந்துச்சு. தம்பிதான் கேட்டான்... 'ரூமுக்குள்ள வெச்சுத் திறந்து பார்த்துடலாமாக்கா?'ன்னு. நான்தான்..." நோட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. "நான்தான் அவனைத் திட்டினேன். 'அம்மாவைப் போய்ச் சோதனை போடுவியாடா? உனக்கு மனசாட்சி இருக்கா?'ன்னு. நேரா மேல எடுத்துட்டுப் போகச் சொன்னேன். மூடியைக்கூட அங்கதான் திறந்தோம்."

இருபத்தெட்டு வருஷத்தில் அந்த அறைக்குள் வராமல் தீவுக்குள் போன ஒரே பெட்டி!

படகுக்காரர் வாசலில் வந்து நின்றிருந்தார். இனிமேல் மறைத்துப் பயனில்லை.

"பெட்டிக்குள்ள மெத்தைக்கு வைக்கோல் அடைச்சிருந்தாங்கம்மா. கடைக்காரன் கோடவுன்ல எத்தனை நாள் கிடந்துச்சோ... சினை எலி ஒண்ணு உள்ள இருந்திருக்கு. ரெண்டு வாரம் கழிச்சுத் தம்பி கல்லறைக்கு வேலி போடறப்போ எலிப் புழுக்கையைப் பார்த்துச்சு. என்கிட்ட வந்து என் கையைப் பிடிச்சுட்டு அழுதுச்சு. 'அக்காவுக்குத் தெரியக்கூடாதுண்ணே. தெரிஞ்சா எலியோட சேர்ந்து அவளும் செத்துடுவா'ன்னுச்சு. உங்க பழைய கூண்டு ஒண்ணை எடுத்துக் கல்லறைக்குப் பின்னாடியே ஒளிச்சு வெச்சோம். அந்தப் பாட்டில்லேருந்துதான் தீனி. உங்களைப் பார்க்க வர்ற சாக்குல வந்து வந்து... ஆறு பிடிச்சுச்சு. மை தடவின அட்டையைத் தீவு முழுக்க வெச்சுக் கால் தடம் பார்த்தோம். ரெண்டு வாரமா ஒரே ஒரு எலி தடம்தான். இன்னிக்குப் பிடிச்சது ஏழாவது. அதுதான்மா கடைசி."

பிறகு அந்த அலறல் வந்தது!

காலை ஏழு மணிக்கு நிதானமாகப் போன் பேசினவள்... எலியை எரித்தவள்... தம்பியின் கண்ணை மூடிவிட்டவள்... அப்போதெல்லாம் வராத அழுகை மொத்தமும் ஒன்றாக வந்தது. தரையில் விழுந்து தலையை மேஜைக் காலில் மோதிக்கொண்டாள். ரேடியோ ஓடிப்போய்த் தன் உள்ளங்கையை நடுவில் வைத்தான். அவன் கையில்தான் அவள் தலை மோதியது. வலித்தது. கையை எடுக்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா..." அவள் திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். "'நீதான்க்கா'ன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை..."

* * *

அரை மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். அறிக்கைத் தாள் வெறுமையாக இருந்தது.

"நான் சொல்லக்கூடாது. ஆனா சொல்றேன்." குரலைத் தாழ்த்தினாள். "கடைசி எலி செத்தாச்சு. தீவு சுத்தமா இருக்கு. நீங்க முதல்ல சொன்ன மாதிரியே அக்கா தம்பி சண்டைன்னு எழுதிடறேன். சான்றிதழ் தப்பிச்சுடும். பறவை தப்பிச்சுடும். உங்க தம்பி ஆசைப்பட்டதும் அதுதானே?"

தீவம்மா நிமிர்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"சண்டை எதுக்குன்னு எழுதுவீங்க?"

"தீவை விக்கச் சொன்னார்னு... நீங்க சொன்னதுதான்."

"அவன் பொண்ணுக்கு ஒன்பது வயசு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு அவ பெரியவளாகி இதைப் படிப்பா. அப்பா தீவை விக்கப் போன இடத்துல செத்தான்னு படிப்பா. சித்தப்பா பசங்களோட ஆளுன்னு படிப்பா. அவனை ஒரு தடவை கொன்னது போதும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எலின்னு எழுதினா இந்தத் தீவு உங்க கையை விட்டுப் போயிடும். இருபத்தெட்டு வருஷ உழைப்பு. நாலாயிரம் கூடு."

வெளியே ஆலாக்களின் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. தீவம்மா சிறிது நேரம் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். அவள் கன்னத்தில் நீர் இறங்கியது. அதைத் துடைக்கவில்லை.

"இந்தப் பறவைங்கதான் என் குழந்தைங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். என் முதல் குழந்தை படியில கிடக்கிறான். எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க. இந்தத் தீவுல எலி இருந்துச்சு. கொண்டு வந்தது நான். வெளிய எடுத்துட்டுப் போனது என் தம்பி."

"சான்றிதழ்..."

"கிழிச்சுப் போடச் சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தாள். அந்த மூன்று வரிகளையும் அப்படியே எழுதினாள். 'எலி' என்ற இடத்தில் மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது.

தீவம்மா வாங்கிப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். விரல் காயத்திலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது.

அறிக்கைத் தாளில் கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி. குற்றத்தை நேரில் பார்த்த சாட்சி.

"யாராவது இருக்காங்களா?" இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தபடியே கேட்டாள்.

ரேடியோ சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஆனாலும் ரேடியோ ரேடியோதானே?

"ஒருத்தர் இருந்தார் மேடம்... நாலு காலு, ஒரு வாலு. அவரைத்தான் அடுப்புல போட்டுட்டாங்களே!"